காற்றில் ஆடும் கம்பி

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி? அண்ணியின் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதா? உன் மூச்சிரைப்பு? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சிட்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெற்ற மகளே ஆனாலும் நம்பாதே.

தொலைபேசியில் பேசினால் உன் காது பாதியைத் தின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. புதிதாக ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்!

மின்கம்பி அறுந்து தெருவில் விழுகிறது என்று வை. ஈரத் தரையானால் மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும்; ஆபத்து தீர்ந்தது. காய்ந்த மண்ணில் விழுந்தால்? துளிதான் பாயும். ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. கம்பி உயிரோடு பாம்புபோலக் கிடக்கும், யாராவது வந்து மிதிக்கும்வரை. இதற்கு இன்றுவரை யாரிடமும் வழி இல்லை. நான் ஒரு வழி பிடித்திருக்கிறேன். கீழே கிடக்கும் கம்பி பொறி விடுகிறது. அதனால் மின்சாரம், குளிரில் பல் கிட்டித்தவன் பேச்சுப்போலத் திக்கித் திக்கிப் போகிறது. எவ்வளவு போகிறது என்று அளக்காதே, எப்படிப் போகிறது என்று கேள். அதுதான் சூட்சுமம். சில நொடிகள் விடாமல் திக்கினால் என் பெட்டி மின்சாரத்தை வெட்டிவிடும். ‘காவலன்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பொருத்தம்தானே?

வரைபடம் இத்துடன் வருகிறது. வழக்கம் உனக்குத் தெரியும். நீ ஒரு குற்றமாவது சொல்லாமல் என் சரக்கு எதுவும் வாசல்படி தாண்டியதில்லை. நீதானே நம் குடும்பத்தின் பிரேக்! சீக்கிரம் அழுத்து. அப்புறம் என் சரக்கையெல்லாம் தயாரிக்கும் கம்பெனிக்கு நானே நேரில் கொண்டு போகப் போகிறேன்.

உன் கிறுக்குத் தம்பி


ஜூன் 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

நாங்கள் இருவரும் நலமே. நீ நலமா? நீ கடைசியாக எழுதி வெகு நாளாகிறது. வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறாய் அல்லவா?

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தவறாக ஏதாவது சொல்லிவிட்டால் பெரியப்பாவை மன்னித்துவிடு.

உன் அப்பா ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று வரைபடம் அனுப்பியிருக்கிறான். அவன் நூற்றுக்கு மேல் காப்புரிமை வாங்கியவன். இரையாத மின்விசிறி ரெகுலேட்டர், குழந்தையின் விரல் நுழையாத பிளக், கை சிக்கினால் தானே விலகும் லிப்ட் கதவு. எல்லாவற்றையும் முதலில் எனக்குத்தான் அனுப்புவான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அவனுடைய விண்ணப்பங்களைச் செம்மைப்படுத்தி எழுதித் தருவேன். ஆகையால் அவனுடைய வேலை எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது என்று நம்புகிறேன்.

இப்போது அனுப்பியிருப்பது ‘காவலன்’. அவனை ஊரறியச் செய்ததே காவலன்தான். நீ பள்ளிக்கூடம் போகாத வயதில் அவன் அதைச் செய்து முடித்தான். இதை எழுதும் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனைக் கம்பத்தில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி தெரிகிறது. மூடியில் பெயர் பொறித்திருக்கிறது.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். பழையதில் இல்லாத நுட்பம் ஒன்று இதில் இருக்கும், என் மண்டைக்கு எட்டவில்லை என்று நினைத்தேன். கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. அவனுக்கு, கண் வலி, சில நாள் பொறு என்று மட்டும் எழுதிப் போட்டிருக்கிறேன். என் கண்ணில் வலி ஒன்றும் இல்லை.

அவன் விளையாடுகிறானா, அம்மா? எப்போதும் என்னைக் கிண்டல் செய்பவன்தானே. விளையாட்டு என்று நீ எழுதினால் எனக்கு நிம்மதி.

பெரியப்பா


ஜூலை 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா?

விளையாட்டு இல்லை, பெரியப்பா. உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கு மறதி நோய். மருத்துவர் அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ‘இது இனி இறங்குமுகம்தான்’ என்றார்.

போன வருடம் லிப்ட் கதவை மறுபடி கண்டுபிடித்தார். நான் கவனிப்பதற்குள் கம்பெனிக்கே போய்விட்டார். அங்கே இருப்பவர்கள் எல்லாம் புதுப் பையன்கள். நல்ல பிள்ளைகள்தான். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒருவன், ‘சார், இது உங்களோடதுதானே?’ என்று கூடத்துச் சுவரில் அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைப் பலகையைக் காட்டியிருக்கிறான். அப்பா அதைப் படித்துவிட்டு, ‘ஆமாம்ப்பா, என்னோடதுதான்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எதற்காகப் பேசவில்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அவமானம் மட்டும் போகவில்லை. ‘சிட்டு, நான் யாருக்காவது ஏதாவது தப்பு பண்ணிட்டனா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் உண்மையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நீங்கள் குற்றம் சொல்லாமல் அவர் வாசலைத் தாண்ட மாட்டார் இல்லையா? அப்படியானால் குற்றம் சொல்லிக்கொண்டே இருங்கள். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. அவருக்கும் பொழுது போகும், கம்பெனிப் பக்கமும் போக மாட்டார்.

சிட்டு


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள். சிட்டு போடுவதைச் சாப்பிடு.

உன் வரைபடத்தைப் பார்த்தேன். மிகச் சிறப்பாக இருக்கிறது. குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் வழக்கத்தை விடக்கூடாது என்பதால் ஒன்று கேட்கிறேன். அபத்தமாக இருந்தால் தள்ளிவிடு.

கம்பி அறுந்து முழுவதும் தரையில் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு நீ கணக்குப் போட்டிருக்கிறாய். ஒரு முனை கம்பத்திலேயே தொங்கி, மறுமுனை காற்றில் ஆடினால்? தரையைத் தொடும், எழும், மறுபடி தொடும். அப்போதும் காவலன் கவனிப்பானா? எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியின் நுனி தரையைத் தட்டித் தட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை.

அவசரமே இல்லை. பொறுமையாகச் சோதித்துப் பார். அதுவரை கம்பெனிக்குப் போக வேண்டாம்.

அன்புடன்
அண்ணா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருந்தே தீர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கேள்வியைப் படித்ததும் சிரித்தேன். ‘பெரியப்பாவுக்கு வயசாயிடுச்சுடி, வேட்டியைப் பாத்து இன்ஜினியரிங் பண்றாரு’ என்று சிட்டுவிடம் சொன்னேன். அவள் ஏனோ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு உன்மேல் அவ்வளவு மரியாதை.

சரி, பெரியவர் வாக்கு என்று மாடியில் ஒரு சின்னக் கம்பம் நட்டேன். தட்டில் மண்ணைப் பரப்பி, கம்பியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் மேசை விசிறியை வைத்தேன். வீட்டு மின்சாரத்தைச் சிட்டு தொடவிடவில்லை; பக்கத்திலேயே நின்று ஒரு பொம்மை டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தாள். ‘இதுக்கு மேல ஒரு வோல்ட் கூடக் கிடையாதுப்பா’ என்றாள். எனக்கே ரேஷன்!

கம்பி அசையாமல் கிடந்தால் காவலன் உடனே வெட்டுகிறான். விசிறியைப் போட்டேன். கம்பி தட்டுகிறது, பொறி பறக்கிறது, எழுகிறது, மறுபடி தட்டுகிறது. காவலன் சும்மா இருக்கிறான்! இடத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன். சும்மாவேதான் இருக்கிறான்.

காரணம் பிடிபட்டுவிட்டது. பட்டறையில் வெல்டிங் செய்தாலும் மின்சாரம் திக்கும். அதற்கெல்லாம் வெட்டிவிடக் கூடாது என்றுதான் சில நொடிகள் விடாமல் திக்குகிறதா என்று காவலனை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கம்பி தரையைவிட்டு எழுந்ததும் திக்கல் நிற்கிறது. உடனே அவன் எண்ணியதையெல்லாம் மறந்துவிடுகிறான். மறுபடி தொட்டதும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். இப்படியே பொழுதுக்கும் ஆரம்பித்துக்கொண்டிருப்பானே தவிர, முடிவுக்கு வரவே மாட்டான். கீழே ஒருவன் செத்துக் கிடந்தாலும்.

வழி ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கிழிகிறது. எங்கே விட்டேன் என்பதும் அடிக்கடி குழம்பிவிடுகிறது. போதும் என்று வரைபடத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். கம்பெனிக்குப் போகவில்லை.

அண்ணா, நினைத்துப் பார். இது மட்டும் ஊருக்குள் போயிருந்தால்? காவலன் இருக்கிறான் என்ற தைரியத்தில் எத்தனை பேர் கம்பிக்குக் கீழே நடந்திருப்பார்கள்! காகிதத்தோடு போயிற்று. உன் புண்ணியத்தில் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

உன் தம்பி


செப்டம்பர் 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். தைலம் வந்தது, பெரியம்மா நன்றி சொல்லச் சொன்னாள். வேலைக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

அப்பாவின் கடிதத்தை நீ படித்திருப்பாய். பொழுதுபோக்காகக் கேட்ட கேள்வி இப்படி முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கடிதத்தோடு அவன் அனுப்பிய சோதனைக் கணக்கை வரிக்கு வரி பார்த்தேன். நோயாளியின் கணக்கு என்று சொல்ல ஓர் இடமும் இல்லை. முன்பு நாங்கள் கம்பியைத் தரையில் போட்டுத்தான் சோதித்தோம். காற்றை யாரும் நினைக்கவில்லை.

இது பரணில் இல்லை, அம்மா. கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது.

உன்னைக் கேட்காமலே கம்பெனிக்கு எழுதினேன். தலைமைப் பொறியாளர் மரியாதையாகவே பதில் போட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு புகாரும் வந்ததில்லையாம். புகார் கொடுக்க வேண்டியவர் உயிரோடு இருந்தால்தானே வரும்? இதை அவருக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரின் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். கண்டுபிடித்தவரே தம் கைப்பட அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டால் பரிசீலிக்கலாம் என்கிறார்.

அதை எழுத வேண்டுமானால், பெட்டி வெளியே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

பெரியப்பா


செப்டம்பர் 20

பெரியப்பாவுக்கு வணக்கம்.

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா? லிப்ட் கதவுக்கே இரண்டு நாள் வாய் திறக்காத மனிதர். ‘நீங்க செஞ்ச பெட்டியாலே ஜனங்க செத்திருக்கலாம்’ என்று நான் போய்ச் சொல்ல வேண்டுமா? ஒரு தடவை சொன்னால் போதாது. மறந்துவிடுவார். மறுபடி சொன்னால் மறுபடி முதல் தடவைபோலவே அடிபடுவார்.

அவர் இப்போது சந்தோஷமாக இருக்கிறார். மாடியில் விசிறிக்கு எதிரே உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிறார். அந்தச் சந்தோஷத்தை உங்களிடமிருந்து வாங்கித் தந்தவள் நான். அதை நானே பிடுங்க மாட்டேன்.

வேலையைப் போன வருடமே விட்டுவிட்டேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

சிட்டு


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

இந்தக் கடிதத்தை ஒட்டாத உறையில் வைத்து, சிட்டுவின் பெயருக்கு இன்னொரு உறைக்குள் அனுப்புகிறேன். உன்னிடம் கொடுப்பதா, கிழிப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். என் பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் வைக்கிறேன் என்று தெரிகிறது. வேறு விதமாகச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

சென்ற வாரம் இங்கே பெருங்காற்று. அடுத்த தெருவில் ஒரு கம்பி அறுந்து இரவெல்லாம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. மனிதர் யாருக்கும் ஒன்றுமில்லை. கம்பத்தில் காவலன் பெட்டி இருந்தது.

தம்பி, காவலனை நீ இப்போது கண்டுபிடிக்கவில்லை. இளவயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீ இப்போது கண்ட குறை அதில் அன்றிலிருந்தே இருக்கிறது. அதைச் சொன்னால் கம்பெனி கேட்கக்கூடிய ஒரே ஆள் நீ. உன் கையால் ஓர் அறிக்கை வேண்டும்.

இதை உனக்கு எழுத நேர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணா


நவம்பர் 11

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பல நாள் மறைத்து வைத்திருந்தேன். கன்றுக்குட்டி என்னைத் தூங்கவிடவில்லை. போன வாரம் ஒரு காலையில், அப்பா தெளிவாக இருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

முழுவதும் கேட்டார். அழவில்லை. ‘எத்தனை கம்பத்துலம்மா?’ என்றார்.

‘எல்லாத்துலயும்ப்பா.’

‘நம்ம தெருவுல?’

‘இருக்குப்பா.’

‘அந்தப் பேப்பரை எடு.’

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எழுதத் தொடங்கினார். சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டினார். பெரியப்பா, சின்ன வயதில் நான் பார்த்த கையெழுத்து அது. ஒரு அடித்தல் இல்லை. குறையை எழுதி, சோதனையை எழுதி, ‘இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் வாசலில் மறித்தேன். ‘நான் கொண்டு போறேன்ப்பா, சத்தியமாக் கொண்டு போறேன்’ என்றேன். ‘காத்தடிக்கிறதுக்குள்ள போ’ என்றார்.

கொண்டு போனேன். தலைமைப் பொறியாளர் எழுந்து நின்று வாங்கினார். படித்தார். ‘உங்க அப்பா எங்களுக்கெல்லாம் குரு மாதிரி’ என்றார். பிறகு, போன வருடம் அப்பா அங்கே வந்துபோனதை மெதுவாக நினைவுபடுத்தினார். அவருடைய உடல்நிலையில் இந்தக் கையெழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதாம். மாடியில் மேசை விசிறி வைத்துச் செய்த சோதனைக்கு விதியில் இடமில்லையாம். ‘கம்பியை அசையாம வெச்சு நீங்க சோதிச்ச பெட்டி சார், ஒருதடவை கம்பியை ஆட்டிப் பாருங்க’ என்று கெஞ்சினேன். குழு போடுகிறோம் என்றார். எப்போது கூடும் என்று கேட்டேன். நிதியாண்டு முடியட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தால், ‘எங்கம்மா போயிட்டு வர்ற?’ என்று கேட்கிறார்.

ஒன்றும் நினைவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாட்டு நின்றுவிட்டது.

சிட்டு


டிசம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணி நலமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் சிட்டு சொல்கிறாள்.

ஒரு சந்தேகம். வரவரக் காற்றடித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தெருவில் போய் நின்றுகொள்கிறேன். கம்பத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. யாராவது கம்பிக்குக் கீழே வந்தால், ‘அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் போங்க’ என்று கத்துகிறேன். எதற்கு என்று கேட்கிறார்கள். தெரிந்தால்தானே சொல்வேன்? நேற்று ஒரு பால்காரன், ‘பெருசு, கம்பத்தைக் கட்டிக் காக்க உனக்குச் சம்பளம் எவ்வளவு?’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயப்படுவது உன் இலாகா. எனக்கு எப்படி ஒட்டியது? சிட்டுவைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உனக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. தெரிந்தால் மறைக்காமல் எழுது. தெரியாமல் பயப்படுவது மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

தம்பி


டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ வெளியே நிற்கும்போது காதை மூடிக் கம்பளி சுற்றிக்கொள்.

கேட்டிருக்கிறாய். பதில் எனக்குத் தெரியும். நான்கைந்து நாளாகக் காகிதத்தை எடுப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். ஒரு முறை உனக்கு எழுதிவிட்டேன். இன்னொரு முறை என்னால் ஆகாது.

இதை மட்டும் வைத்துக்கொள். உன் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை. நீ கத்துவது சரி. பால்காரன் சிரித்தாலும் கத்து. கம்பெனிக்கு வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று வாரம் ஒரு பதில் வருகிறது.

இங்கேயும் நேற்றிலிருந்து காற்று. நானும் தெருமுனைக்குப் போனேன். உன்னைப்போலக் கத்த எனக்கு வராது. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமியை இழுத்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள். ‘கொஞ்சம் எதிர்ப்பக்கமாப் போறீங்களாம்மா?’ என்றேன். ‘ஏன் தாத்தா?’ என்று அந்த அம்மா கேட்டாள். சுருக்கமாக எப்படிச் சொல்வது என்று யோசித்து, ‘அதாவது, மின்சாரம் இரண்டு விதமாகப் போகும்’ என்று தொடங்கினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் சிறிது நேரம் மரியாதைக்கு நின்றாள். பிறகு, ‘மழை வர்ற மாதிரி இருக்கு, நீங்க வீட்டுக்குப் போங்க தாத்தா’ என்று சொல்லிவிட்டுச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு கம்பிக்குக் கீழேயே நடந்து போனாள். அவர்கள் அடுத்த தெருவுக்குள் திரும்பி மறையும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்று இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிறது. இத்துடன் நிறுத்திக்கொண்டு வெளியே போகிறேன்.

அண்ணா